வீடே காவல் காக்கட்டும்

(பெற்றோர் கூட்டமொன்றில் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்த கையோடு வந்திருக்கிறீர்கள். சிலர் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் குழந்தைகளுக்கு நேரும் விபத்துகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, "கவனமாக இருங்கள், குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்" என்பதுதான். நான் அதைச் சொல்லப் போவதில்லை. நான் பார்த்த பெற்றோர்களில் கவனம் இல்லாதவர்கள் மிகக் குறைவு. அடுப்பில் பால், வாசலில் பள்ளி வேன், கையில் அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு என்று மூன்று பக்கமும் இழுபடும் ஒருவரால் நாள் முழுக்க ஒரு குழந்தையின் மேல் கண் வைத்திருக்க முடியாது. இரண்டு நிமிடம் கண் தப்பத்தான் செய்யும். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடக்கலாம் என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது. வாளியில் தண்ணீர் நிற்கிறதா, வாளி கவிழ்ந்து கிடக்கிறதா? மாத்திரை தலையணைக்கு அடியில் இருக்கிறதா, பூட்டிய பெட்டியில் இருக்கிறதா?

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். நம் கவனம் தவறினாலும் குழந்தையைக் காக்கும்படி வீட்டை மாற்றி அமைக்க வேண்டும். நேரமில்லாத பெற்றோருக்கு இதுவே வழி. கவனத்தை ஒவ்வொரு நாளும் புதிதாகச் செலவழிக்க வேண்டும். தாழ்ப்பாளை ஒரு முறை அடித்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,30,000 குழந்தைகள் விபத்துகளால் இறப்பதாகக் கணக்கிட்டது. நாளொன்றுக்கு 2,000-க்கும் மேல். சாலை விபத்து, நீரில் மூழ்குதல், தீக்காயம், விழுதல், நச்சு ஆகிய ஐந்தையும் முதன்மைக் காரணங்களாக அது சொன்னது. சாலையைத் தவிர்த்த மற்ற நான்கும் சிறு குழந்தைகளுக்கு பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியுமே நேர்கின்றன.

இவற்றைத் தடுக்க முடியுமா? முடியும். முடிந்திருக்கிறது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவை எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விற்ற ஃபிரிட்ஜ்களின் கதவு வெளிப்பக்கத் தாழ்ப்பாளால் இறுக மூடிக்கொள்ளும். உள்ளே இருந்து திறக்க முடியாது. தூக்கிப் போட்ட பழைய பெட்டிகளுக்குள் கண்ணாமூச்சி ஆடி ஒளிந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்தார்கள். 1956-இல் அங்கே சட்டம் வந்தது: உள்ளே இருந்து தள்ளினாலும் கதவு திறக்க வேண்டும். தாழ்ப்பாள் போய்க் காந்தப் பட்டை வந்தது. இன்று நம் சமையலறையில் நிற்கும் ஃபிரிட்ஜின் கதவிலும் காந்தப் பட்டைதான் இருக்கிறது. பிள்ளை அதற்குள் மாட்டிக்கொள்வானோ என்று எந்தத் தாயும் இப்போது தூக்கம் கெடுவதில்லை. அந்தக் கவலையைக் கதவே வாங்கிக்கொண்டது.

இந்தச் சிந்தனைக்கு இலக்கணம் வகுத்தவர் வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர். சூடு, வேகம், மின்சாரம், வேதிப்பொருள் ஆகியவை உடல் தாங்கும் அளவை மீறி உடலை வந்தடைவதே காயம் என்றார் அவர். அப்படியானால் வழியும் தெளிவாகிறது. அந்த ஆற்றலைக் குறைக்கலாம், உடலை எட்டாமல் விலக்கி வைக்கலாம், இடையே ஒரு தடுப்பை நிறுத்தலாம். யார் கவனக்குறைவாக இருந்தார் என்ற விசாரணைக்கு இதில் இடமே இல்லை.

1972-இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை, அடுக்குமாடிச் சன்னல்களிலிருந்து பிள்ளைகள் விழுந்து சாவதைத் தடுக்க ஓர் இயக்கம் தொடங்கியது. 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்று அதற்குப் பெயர். பெற்றோருக்கு அறிவுரை சொன்னதோடு நிற்காமல், சன்னலுக்குப் பொருத்தும் கம்பித் தடுப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். 1976-இல், 10 வயது வரையிலான குழந்தைகள் குடியிருக்கும் அடுக்ககங்களில் வீட்டு உரிமையாளரே தடுப்பைப் பொருத்தித் தர வேண்டும் என்று சட்டமாயிற்று. விழும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. கனடாவின் விண்ட்சர் நகரத்தில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், மருந்து விழுங்கி வந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், அழுத்திக்கொண்டே திருகினால் மட்டும் திறக்கும் மருந்து மூடியை 1967-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அந்த வட்டாரத்தில் மருந்து விழுங்கி நேரும் விபத்துகள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கின. இத்தனைக்கும் அந்த ஊர்த் தாய்மார்கள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மாறியது மூடி.

நம் பக்கத்து நாட்டுக்கு வருவோம். வங்கதேசத்தில் ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் குட்டையிலும் குளத்திலும் விழுந்து இறப்பது பெரிய துயரம். எப்போது இறக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கண்டது: பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் இடையில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். தாய் சமைக்கும் நேரம், துவைக்கும் நேரம், தந்தை வயலில் இருக்கும் நேரம் அது. அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ள ஊருக்குள் சிறு காப்பகங்களைத் திறந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று நடத்தினார்கள். அங்கே விடப்பட்ட பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. வேலையிருக்கும் தாயிடம் "இன்னும் கவனமாக இரு" என்று சொல்லி இதைச் சாதித்திருக்க முடியுமா?

இனி நம் வீடுகளுக்குள் போவோம். முதலில் தண்ணீர்.

நம் ஊர்களில் பல இடங்களில் தண்ணீர் தினமும் வருவதில்லை. வரும் நாளில் குடம், வாளி, அண்டா, டிரம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ அதற்கு வலு இருக்காது. முகம் மூழ்கும் அளவு தண்ணீர், அதாவது 5 சென்டிமீட்டர் ஆழமே போதும். சத்தமும் கேட்காது. தண்ணீருக்குள் முகம் இருக்கும் பிள்ளையால் அழ முடியாது. ஆகவே குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்ப்பதை வீட்டுப் பழக்கமாக்குங்கள். குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். டிரம்முக்கு இறுக்கமான மூடி, நிலத்தடித் தொட்டிக்குப் பூட்டு, கிணற்றுக்கு இரும்பு வலை. மோட்டார் போட வந்தவர் தொட்டி மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போகும் ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

தோட்டத்தில் தண்ணீர் வராமல் கைவிட்ட ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததும், நாடே கைகூப்பிக் காத்திருந்ததும், குழந்தையை உயிரோடு மீட்க முடியாமல் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மண்ணும் கல்லும் கொட்டித் தரைமட்டம் வரை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது. சாக்கைக் கட்டி வைப்பதும் பலகையைப் போட்டு வைப்பதும் மூடுவதாகாது.

அடுத்தது சூடு. நம் வீடுகளில் சிறு குழந்தைகளைச் சுடுவது தீயை விடக் கொதிக்கும் திரவம்தான். ரசம், பால், வடித்த கஞ்சி, குளிக்க வைத்த வெந்நீர். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பெரியவர்களின் தோலையே 5 வினாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. கீசரின் திருகை 50 டிகிரிக்குக் கீழே இறக்கி வையுங்கள். விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு வெந்நீரைச் சேருங்கள். வரிசையை மாற்றினால், துண்டெடுக்கத் திரும்பும் நேரத்தில் வாளியில் வெறும் வெந்நீர் நிற்கும். சமையலறை வாசலில் ஆசாரியிடம் சொல்லி ஓர் அரைக்கதவு போடுங்கள். பிள்ளை உங்களைப் பார்க்கும், நீங்கள் பிள்ளையைப் பார்ப்பீர்கள், கொதிக்கும் பாத்திரம் மட்டும் எட்டாது. தரையில் வைத்துப் பரிமாறும் வீடுகளில் சோறு கீழே வரலாம். குழம்பும் ரசமும் மேடையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, வாய்க்குள் போகும் பொருள்கள். இதில் சற்று நின்று பேச வேண்டும். ஆபத்தானவை என்று நமக்குத் தோன்றாத பொருள்கள் இந்தப் பட்டியலில் நிறைய உண்டு.

மண்ணெண்ணெயை எல்லோருக்கும் தெரியும். அதைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைத்ததால் வந்த கேடும் தெரியும். இன்று அந்தப் பாட்டில்களில் கழிப்பறை கழுவும் ஆசிட், பினாயில், வண்ணம் கரைக்கும் தின்னர் ஆகியவை குடியேறியிருக்கின்றன. குடிக்கும் பாட்டிலில் குடிக்கக் கூடாத எதையும் ஊற்றாதீர்கள். இதற்கு விதிவிலக்கே வேண்டாம். எலிப் பசையில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் ஈரலையே அழித்துவிடும். வாங்கி வைத்த பழைய குழாய் மூலையில் கிடந்தால் இன்றே தேடி எடுங்கள்.

பூஜை அறைக் கற்பூரத்தை யாரும் நஞ்சாக நினைப்பதில்லை. வெள்ளை வெளேரென்று கற்கண்டு போல இருப்பதால் குழந்தை வாயில் போட்டுக்கொள்கிறது. சிறிது நேரத்திலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததாக மருத்துவப் பதிவு உண்டு. சளிக்குத் தடவ வைத்திருக்கும் நீலகிரித் தைலமும் உள்ளே போனால் வலிப்பையும் மயக்கத்தையும் தரும். ஆகவே கற்பூர டப்பாவும் தைலக் குப்பியும் மேல் தட்டுக்குப் போகட்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். தாய்க்கு அது மருந்து. ஒன்றரை வயது மூத்த குழந்தை ஒரு கை அள்ளி விழுங்கினால் குடல், ஈரல், இதயம் எல்லாவற்றையும் தாக்கும். தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரையும் ஒன்றிரண்டே ஆனாலும் சிறு பிள்ளையை மயக்கத்தில் தள்ளும். மாத்திரை அட்டைகளுக்கு ஹென்றி பிரோவின் அழுத்தித் திருகும் மூடி கிடையாது. அதனால் வீட்டில் இருக்கும் எல்லா மருந்துக்கும் பூட்டுள்ள ஒரே பெட்டி வேண்டும். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியின் பையும் அந்தப் பெட்டி இருக்கும் அலமாரிக்கே போக வேண்டும். பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது "மிட்டாய்" என்று சொல்லாதீர்கள்.

திருவிழாக் கடையில் மினுக்கும் பொம்மை வாங்குகிறோம். அதற்குள்ளும் சில ரிமோட்டுகளுக்குள்ளும் காசு போன்ற வட்ட பேட்டரி இருக்கிறது. உணவுக்குழாயில் அது சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்து ஓட்டையிடத் தொடங்கும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் ரிமோட்டின் மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள்.

வேர்க்கடலையை மறக்க முடியாது. கடைவாய்ப் பல் முளைக்காத பிள்ளைக்குக் கடலையை அரைக்கத் தெரியாது. சிரிக்கும்போதோ ஓடும்போதோ அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நம் மருத்துவமனைகளில் குழந்தைகளின் மூச்சுக்குழலிலிருந்து எடுக்கப்படும் பொருள்களில் வேர்க்கடலை முன்னணியில் நிற்கிறது. நான்கு வயது முடியும்வரை முழுக் கடலை, பொட்டுக்கடலை, சுண்டல் வேண்டாம். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள். சீத்தாப்பழமானால் விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கடலை தின்ற பிள்ளை புரைக்கேறி இருமிப் பிறகு அடங்கிவிட்டால் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மூச்சில் விசில் சத்தமோ விடாத இருமலோ இருந்தால் மருத்துவரிடம் கடலை விஷயத்தைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆஸ்துமா என்று வாரக்கணக்கில் மருந்து நடக்கும்.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். பால்கனிக் கம்பிகளுக்கு இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை கட்டுங்கள். அதன் அருகில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் ஏறுவதற்கு வாகாக நிற்கக் கூடாது. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு வேண்டும். குழந்தை உள்ளே உட்கார்ந்து ஓட்டும் சக்கர நடைவண்டி அதைப் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் வேகமாகக் கொண்டு சேர்ப்பதால், கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பணம் கொடுத்து அதை வாங்காதீர்கள். சேலைத் தூளியில் கைக்குழந்தை சுகமாகத் தூங்கும். அதே தூளியில் அண்ணனோ அக்காவோ ஏறி முறுக்கிச் சுற்றி விளையாடும்போது கழுத்தில் இறுகி உயிர் போயிருக்கிறது. குழந்தையை எடுத்ததும் தூளியைத் தூக்கி மேலே கட்டிவிடுங்கள். மின்சாரப் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். ஒயரைக் கடிக்கும் பிள்ளையையும் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் உங்களையும் காக்க அது உதவும்.

இத்தனையும் செய்த பிறகும் ஓர் உண்மையை மனத்தில் வைக்க வேண்டும். குழந்தை வளர்கிறது. நேற்று எட்டாத மேசை இன்று எட்டும். புரளத் தெரியாது என்று கட்டிலில் விட்ட குழந்தை, புரளக் கற்ற அன்றே கீழே விழுகிறது. அதன் புதுத் திறமை நமக்குத் தெரிவதற்கு முன்பே விபத்து முந்திக்கொள்கிறது. ஆகவே இன்று பிள்ளை செய்வதற்கு ஏற்ப வீட்டை அமைக்காமல், இன்னும் மூன்று மாதத்தில் செய்யப் போவதற்கு ஏற்ப அமையுங்கள்.

வழக்கம் மாறும் நாள்களும் ஆபத்தானவை. வீடு மாறும் நாள், விருந்தினர் நிறைந்த நாள், காதுகுத்து, வளைகாப்பு. வீட்டில் பத்துப் பெரியவர்கள் இருப்பார்கள். குழந்தையை வேறொருவர் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அந்த நாள்களில் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "சித்தி, பத்து நிமிஷம் பாப்பாவ நீங்க பாத்துக்கோங்க." "சரிம்மா, எங்கிட்ட இருக்கா." இந்த இரண்டு வாக்கியமும் சொல்லப்பட்டால்தான் குழந்தை கைமாறியதாகப் பொருள். எட்டு வயது அக்காவிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அவளும் குழந்தைதான்.

எதையும் மீறி ஒன்று நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இட்லி மாவு, பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயோ ஆசிட்டோ குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள்ளும் புகுந்துவிடும். குடித்த பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பேட்டரி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே கிளம்புங்கள். தொண்டை அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் திணறும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டுத் தலை தாழப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். பொருள் வெளிவரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். நன்றாக இருமுகிற குழந்தையை இருமவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள். 108-ஐ ஒருவர் அழைக்கட்டும், இன்னொருவர் குழந்தையோடு இருக்கட்டும்.

நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும். கணவனும் மனைவியும் சேர்ந்து தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து ஒவ்வோர் அறையையும் பாருங்கள். எட்டுவது, திறப்பது, கவிழ்வது, ஏறக்கூடியது எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால் தண்ணீர், மருந்து, கொதிக்கும் பாத்திரம் என்ற வரிசையில் தொடங்குங்கள்.

ஆனால் எல்லாச் சுமையையும் பெற்றோர் தலையிலேயே ஏற்றிவிட்டு இந்த உரையை முடிக்க எனக்கு மனமில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. பால்கனித் தடுப்பையும் தொட்டி மூடியையும் போட்டுத் தருவது வீட்டுக்காரரின் கடமை என்று இங்கும் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. வங்கதேசத்தார் புதிதாகக் கட்ட வேண்டியிருந்த ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே தெருவுக்குத் தெரு நிற்கிறது. இரண்டு வயது நிறைந்த பிள்ளையை அங்கே அனுப்புங்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகும் தாயின் நேரத்துக்கும் ஏற்ப அந்த மையங்கள் இயங்க வேண்டும் என்று சேர்ந்து கேளுங்கள். சிரப் பாட்டிலுக்குப் பிள்ளை திறக்க முடியாத மூடி வேண்டும் என்றும் கேளுங்கள். மற்ற நாடுகளில் கேட்டுத்தான் கிடைத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அக்கம்பக்கத்தில் ஒரு குழந்தைக்கு அடிபட்டால், "அம்மா எங்கே போயிருந்தாள்?" என்று இனி யாரும் கேட்காதீர்கள். அவள் அடுத்த அறையில் அந்தக் குடும்பத்துக்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். "அந்தத் தொட்டிக்கு மூடி போட்டாயிற்றா?" என்று கேளுங்கள். போடவில்லை என்றால் நின்று போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தெருவில் இன்னும் குழந்தைகள் இருக்கிறார்கள்.